பாத்திரம் கழுவும் நேரத்துப் பாட்டு

மோதி பாக், புது தில்லி
6-2-1983, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அம்சவேணி எழுதுவது. நானும் ருக்குவும் சௌக்கியமாக இருக்கிறோம். உங்கள் சௌக்கியத்தைப் பற்றி என் கையில் இரண்டு விதமான செய்தி இருக்கிறது. ‘கால் தேறி வருகிறது, கவலை வேண்டாம்’ என்று நீங்கள் எழுதிய இன்லண்டு லெட்டர் ஒன்று. உங்கள் யூனிட் பச்சைமுத்து அண்ணன் பூனா மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போய் எழுதிய நாலு பக்கம் இன்னொன்று. எதை நம்புவது என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர்மேல் கோபப்படாதீர்கள். லாரி உருண்ட அன்று பள்ளத்திலிருந்து உங்களைத் தோளில் தூக்கி வந்தவருக்கு எனக்கு நாலு பக்கம் எழுதுகிற உரிமை உண்டு. முதல் ஆபரேஷனில் சேர்த்த தொடை எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது, மறுபடி பிரித்துக் கம்பி வைத்துச் சேர்க்காவிட்டால் அந்தக் கால் குட்டையாகவே நின்றுவிடும் என்று மேஜர் டாக்டர் சொன்னாராம். தேதி குறித்து, தள்ளுவண்டியில் ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் போன பிறகு நீங்கள் வேண்டாம் என்று திரும்பிவிட்டீர்களாம். அப்போது உங்கள் பிரஷர் எவ்வளவு ஏறியது என்றுகூட எழுதியிருக்கிறார். நான் ஏன் என்று கேட்கப்போவதில்லை. சொல்லத் தோன்றும்போது சொல்லுங்கள்.

ருக்கு உங்களுக்குத் தமிழிலேயே கடிதம் எழுதுவேன் என்று உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் ‘அப்பா ஜல்தி வாங்க’ என்று மூன்று வார்த்தை வந்தது. அதில் ஒன்று இந்தி. நாலாம் வகுப்பு தமிழ் டீச்சர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். இருந்தாலும் இதோடு வைத்திருக்கிறேன். இப்போது மொட்டைமாடியில் ரஜாய்ப் போர்வைகளை வெயிலில் காயப்போட்டுவிட்டு, அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வருஷம் குளிர் போக மனமில்லாமல் நிற்கிறது.

எனக்கு ஜனவரியிலிருந்து வார்டு இல்லை. கேத் லேப் என்று புதிதாக ஓர் அறை கட்டியிருக்கிறார்கள், அங்கே போட்டிருக்கிறார்கள். தொடையிலோ கையிலோ ரத்தக் குழாயைத் திறந்து, மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றை இதயம் வரைக்கும் செலுத்தி, உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று அளக்கிற இடம். நோயாளிக்கு அந்த இடத்தில் மட்டும்தான் மரத்துப்போக ஊசி. மற்றபடி முழு நினைவோடு ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். நம் ஊர் மனிதர்கள் யாராவது வந்தால் பாஷைக்காக என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படி வந்தவள்தான் அருக்காணி. ஜங்புராவில் பாராபுல்லா சாக்கடைக் கால்வாய் ஓரம் நம் ஆட்களின் குடிசைகள், மதராசி கேம்ப், இருக்கிறதே, அங்கே குடியிருக்கிறாள். இருபத்தாறு வயது. கள்ளக்குறிச்சிப் பக்கம். புருஷன் காத்தவராயன் கொத்தனாரிடம் வேலை செய்கிறான். இவள் மூன்று வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள். இரண்டு பெண் குழந்தைகள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாள். ஆனால் அதற்கு முன் இந்தச் சோதனை முடிந்தாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மேஜையில் படுக்கவைத்தோம். மார்பில் ஒயர்களை ஒட்டியதும் மெஷின் பீக், பீக் என்று சத்தம் போட்டது. “அக்கா, அது என்னா சத்தம்?” என்று கேட்டாள். நான் ஒன்றும் யோசிக்காமல், “அதுவா, உன் நெஞ்சு அடிக்கிறதுதான் அப்படிக் கேட்குது” என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருஷம் சர்வீஸ் போட்டவள் சொல்கிற பதிலா அது? அந்த நிமிஷத்திலிருந்து அவள் வேறெதையும் கவனிக்கவில்லை. அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கிடந்தாள். கொஞ்சம் வேகமானால் பயந்தாள். பயந்ததால் இன்னும் வேகமானது. “ஓடுதே அக்கா, ஓடுதே” என்றாள். நாடி நூற்றைம்பதைத் தொட்டது.

உங்களுக்கும் எனக்கும் பயம் வந்தால் கை வேர்க்கும், அவ்வளவுதான். அவளுக்கு அப்படி இல்லை. நாடி ஓடினால் அந்தச் சுருங்கிய வால்வு வழியாக ரத்தம் இறங்க நேரம் போதாது. தேங்கி, நுரையீரலில் நீர் கோத்துவிடும். அதுதான் நடந்தது. இருமினாள், இளஞ்சிவப்பாக நுரை வந்தது. உட்காரவைத்து, ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டுத் திரும்பக் கொண்டுவந்தோம். தூங்கவைக்க மருந்தைக் கூட்டவும் வழியில்லை, ஏற்கெனவே தத்தளிக்கிற மூச்சை அது அமுக்கிவிடும்.

டாக்டர் மாத்தூர் நல்ல மனிதர். கத்தவில்லை. நாடியை நூற்றுக்குக் கீழே கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்றார். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தாராம், சோதனையின்போது பாட்டு வைக்கிறார்களாம். உங்கள் பாஷையில் ஏதாவது வைத்துப் பார் என்றார்.

நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். பாலை அடுத்த கட்டில்காரருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதும் நாலு பக்கத்தில் இருக்கிறது.

என்றும் அன்புள்ள,
அம்சவேணி

* * *

மோதி பாக்
20-2-1983

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஐந்து வரி. அதில் இரண்டு வரி பச்சைமுத்து அண்ணனைத் திட்டி. ஒரு வரி, ‘ஆஸ்பத்திரிக் கதையை எனக்கு எழுதாதே, நானே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன்’ என்று. மாமா, எனக்கு வேறு என்ன கதை தெரியும்? காலையில் ஏழரை மணிக்கு டி.டி.சி. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறேன், சாயங்காலம் தொங்கிக்கொண்டு வருகிறேன். நடுவில் இருப்பது ஆஸ்பத்திரிதான். ஆகையால் எழுதத்தான் போகிறேன். பிடிக்காவிட்டால் தேதியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுங்கள்.

எங்கள் லேப்பில் எக்ஸ்ரே டெக்னீஷியன் வைத்தி. கரோல் பாக்கில் இருப்பவர். சங்கீதப் பைத்தியம். எங்கே கச்சேரி என்றாலும் டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருவார். டாக்டர் சொன்னதைக் கேட்டதும், “இத எங்கிட்ட விடுங்கோ சிஸ்டர். வீணை இருக்கு. கேட்டா கல்லும் கரைஞ்சுடும்” என்றார். போன செவ்வாய் அருக்காணியை மறுபடி மேஜையில் படுக்கவைத்து, மெஷின் சத்தத்தைக் குறைத்து, வீணையைப் போட்டோம். எனக்கே கண் சொக்கியது. மெதுவாக, ஒவ்வொரு தந்தியாக, அவ்வளவு இதமாக இருந்தது.

அருக்காணி கண்ணை அகல விழித்தாள். “அக்கா, யாரு செத்துட்டாங்க?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. யாரும் சாகவில்லையே என்றேன். “பொய் சொல்லாதீங்க அக்கா. பெரிய தலைவரு செத்தப்ப ரேடியோவுல மூணு நாளு இதானே போட்டாங்க. எங்கம்மா அடுப்பே பத்தவெக்கல” என்றாள். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். நாடி நூற்று முப்பது. டாக்டர் கத்தியைத் தொடுவதற்கு முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டார். பாவம் வைத்தி. டேப்பை எடுத்துப் பெட்டியில் வைக்கும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் மாதிரிப் போனார். “தப்பு அவமேல இல்ல சிஸ்டர், ரேடியோக்காராமேல” என்று மட்டும் சொன்னார்.

சரி, இனி மேஜையில் வைத்துப் பரீட்சை வேண்டாம், வார்டிலேயே பார்ப்போம் என்று முடிவு செய்தேன். நானும் ருக்குவும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனோம். அப்பளமும் நல்லெண்ணெயும் வாங்குவோமே, அந்தக் கடையில் தமிழ்க் கேசட்டும் வைத்திருக்கிறார்கள். சினிமாப் பாட்டு ஒன்று, மாரியம்மன் பாட்டு ஒன்று, தாலாட்டு ஒன்று வாங்கினேன். “அம்மா, யே சப் தும் ஆஸ்பத்திரிக்கா வாங்கறே?” என்று ருக்கு கேட்டாள். ‘இதெல்லாம் நீ’ என்பதுகூட இந்தியில்தான் வருகிறது, அவள் தமிழ் இப்படித்தான் இருக்கிறது. நீங்கள் வந்துதான் சரிசெய்ய வேண்டும்.

வைத்தியிடம் டேப்ரெக்கார்டரை வாங்கி அருக்காணியின் தலைமாட்டில் வைத்தேன். என் விரலை அவள் மணிக்கட்டில் வைத்தேன். சினிமாப் பாட்டுக்கு நூற்றிருபத்திரண்டு. அது அவள் தங்கை கல்யாணத்தில் ஒலிபெருக்கியில் போட்ட பாட்டாம், பிரசவத்தில் போய்விட்ட தங்கை. மாரியம்மன் பாட்டுக்கு நூற்றிருபத்தெட்டு. போன வருஷம் வேண்டிக்கொண்ட தீச்சட்டியை எடுக்கவில்லை, அதனால்தான் ஆத்தா இந்த நோயைக் கொடுத்தாள் என்று ஆரம்பித்துவிட்டாள். தாலாட்டைப் போட்டதும் கேம்ப்பில் விட்டுவந்த சின்னவளை நினைத்து அழுதாள். அதற்கு நான் நாடியே பார்க்கவில்லை.

தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழ்ப் பாட்டு என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்.

நேற்று காத்தவராயன் வந்தான். என்னோடு நேருக்கு நேர் பேசக் கூச்சப்பட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “டாக்டர் சாப் நல்லவருதான் சிஸ்டரு. ஆனா ரெண்டு வாட்டி உள்ள போயி ரெண்டு வாட்டியும் சாவப் பாத்துட்டு வந்திருக்கா. மூணாம் வாட்டி வேணாம். ஊட்டுக்குக் கூட்டிக்கினு போயிர்றேன்.” அருக்காணியும், இருக்கிற வரைக்கும் இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறாள். மாத்திரை மட்டும் போதுமாம்.

இருக்கிற வரைக்கும் இப்படியே. உங்கள் கடிதத்தின் கடைசி வரியும் இதுதான். ஒரே வாரத்தில் இரண்டு பேரிடமிருந்து இதைக் கேட்டுவிட்டேன்.

டாக்டரிடம் ஒரு வாரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். பட்டியலில் இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள், அதற்குமேல் அவராலும் கட்டிலைக் கொடுக்க முடியாது.

உங்களுக்காக மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். சாமிக்குக் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று இரண்டு தடவை சொன்னேன்.

உங்கள்,
அம்சவேணி

* * *

மோதி பாக்
13-3-1983

என் அன்புள்ள மாமாவுக்கு,

வியாழக்கிழமை உங்கள் கடிதம் கிடைத்தது. இருபத்தைந்தாம் தேதி மேஜர் மறுபடி நாள் குறித்திருக்கிறார், இந்தத் தடவையும் முழு மயக்கம் இல்லை, முதுகில் ஊசிதான், அந்தத் தேதிக்குள் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே ஒரு வரி. ‘முதல் ஆபரேஷனில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. வலி இல்லை. ஆனால் காது மரக்கவில்லை. என் எலும்பில் சுத்தியல் அடிக்கிற சத்தம் முழுக்கக் கேட்டேன், அது இன்னும் போகவில்லை.’

மாமா, இதை எனக்கு எழுதினீர்களே. பஸ் ஸ்டாப்பில் நின்று படித்தேன். மூன்று பஸ் போய்விட்டது.

அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தச் சத்தத்தை முழு நினைவோடு கேட்ட எந்த மனிதனும் அடுத்த தடவை அந்தக் கதவைப் பார்த்தால் திரும்பத்தான் செய்வான். ஹவில்தார் ஆனாலும், ஜெனரல் ஆனாலும். நான் இத்தனை வருஷம் தியேட்டரிலும் வார்டிலும் எத்தனையோ பேரிடம் ‘வலிக்காது, பயப்படாதே’ என்று சொல்லியிருக்கிறேன். என்ன கேட்கிறது உனக்கு என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

அருக்காணி என்ன ஆனாள் என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக் கதை வேண்டாம் என்றவர்! சொல்கிறேன்.

நான் கேட்டு வாங்கிய வாரத்தில் நாலு நாள் ஒன்றும் நடக்காமல் போயிற்று. ஐந்தாம் நாள் பார்வையாளர் நேரத்தில் ஒரு சர்தார் வீட்டு அம்மா வந்தாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கனத்த உடம்பு, வெள்ளை துப்பட்டா, கையில் தூக்கு. அருக்காணி வேலை செய்யும் ஜங்புரா வீடுகளில் ஒன்றின் எஜமானி. எல்லோரும் பீஜி என்றுதான் கூப்பிடுவார்களாம். வந்ததும் திட்டு. நீ இல்லாமல் புதிதாக ஒருத்தியை வைத்தேன், வாரத்தில் நாலு கண்ணாடி டம்ளர் போச்சு, எப்போது வரப்போகிறாய் என்று இந்தியும் பஞ்சாபியும் கலந்து பொரிந்து தள்ளினாள். தூக்கில் முள்ளங்கிப் பராட்டாவும் ஊறுகாயும். உப்பு ஆகாது என்று ஊறுகாயை நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். என்னையும் திட்டினாள்.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அருக்காணியின் காலைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தனக்குள்ளேயே ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தாள். பிரார்த்தனைதான். ஆனால் அதில் ஒரு ராகம் இருந்தது. ஏறாமல் இறங்காமல், மெல்ல நடந்துகொண்டே இருக்கிற மாதிரி ஒரு ராகம். நான் சாயங்கால நாடி எடுக்க அருக்காணியின் கையைப் பிடித்தேன். நூற்றுப் பன்னிரண்டு. எழுதிவிட்டு, ஏனோ கையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எண்ணினேன். தொண்ணூற்றிரண்டு. என் கடிகாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அருக்காணி தூங்கிவிட்டிருந்தாள்.

அவள் எழுந்ததும் கேட்டேன். அந்த அம்மா பாடியது உனக்குப் புரியுமா என்று. சிரித்தாள். “ஒரு வார்த்தயும் புரியாது அக்கா” என்றாள். பிறகு சொன்னாள்: “காலையில நான் போற நேரத்துக்கு பீஜி டேப்ப போட்டுட்டு, கண்ண மூடிக்கினு உக்காந்துருவாங்க. அவங்க சாமிப் பாட்டு. அது முடியற வரைக்கும் அந்த ஊட்ல யாரும் யாரையும் கூப்புடக் கூடாது. மருமவ கூட வாயத் தொறக்க மாட்டாங்க. நான் பாட்டுக்குப் பாத்திரத்தக் கழுவினு இருப்பேன். தண்ணி சுடுதண்ணியா வரும். அந்த அரை மணி நேரம் யாருமே என்னக் கூப்புட மாட்டாங்க அக்கா.”

நாள் முழுக்க அவளை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், மாமா. மூன்று வீடு, இரண்டு குழந்தை, தண்ணீர்க் குழாய் வரிசை, ரேஷன் வரிசை. கூப்பிடாத அரை மணி நேரம் ஒன்றே ஒன்று. அது ஒரு பஞ்சாபிப் பாட்டுக்குள் இருந்திருக்கிறது. நான் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பீஜி வீட்டுக்கே போனேன். கேசட்டைக் கொடுக்க யோசித்தாள். இது சினிமாப் பாட்டு இல்லை, குருவின் வாக்கு, கண்ட இடத்தில் போடக் கூடாது, கேட்கிறவர்கள் தலையை மூடியிருக்க வேண்டும் என்றாள். நான் என்ன சொல்வேன்? அம்மா, அந்த அறையில் டாக்டர் முதல் நோயாளி வரைக்கும் தொப்பி போடாமல் யாரையும் உள்ளே விடமாட்டோம் என்றேன். செருப்பு என்றாள். வெளியே விட்டுவிட்டு அறைக்கென்று தனியாக வைத்திருப்பதைப் போட்டுக்கொள்வோம் என்றேன். கை? ஐந்து நிமிஷம் சோப்புப் போட்டுத் தேய்ப்போம் என்றேன். “அச்சா. எங்கள் வீட்டைவிடச் சுத்தமாகத்தான் கேட்கிறீர்கள்” என்று கேசட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தாள்.

காத்தவராயனைச் சம்மதிக்கவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவனையும் வார்டுக்குக் கூப்பிட்டு, பாட்டைப் போட்டு, அவன் விரலை அவள் நாடியில் வைத்து, கடிகாரத்தைக் காட்டி எண்ணச் சொன்னேன். எண்ணினான். மறுபடி எண்ணினான். “சரி சிஸ்டரு” என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டான்.

மார்ச் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை. மெஷினின் சத்தத்தை முழுக்க நிறுத்தச் சொன்னேன். முள் ஆடுவதைப் பார்த்தால் போதும், காதால் கேட்க வேண்டாம் என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார். வைத்தி டேப்ரெக்கார்டரை அவள் தலைப்பக்கம் வைத்துக் கேசட்டைப் போட்டார். பாட்டு ஆரம்பித்தது, ஹார்மோனியமும் தபலாவும் பின்னால் மெல்ல வந்தன. அருக்காணி கண்ணை மூடினாள். அவள் விரல்கள் துணிக்கு அடியில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தேய்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நாடி தொண்ணூற்றாறு. டாக்டர் ஊசி போட்டார், ரத்தக் குழாயைத் திறந்தார், ரப்பர்க் குழாயை உள்ளே செலுத்தினார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. கேசட்டுக்கு ஒரு பக்கம் முப்பது நிமிஷம்தான். குழாய் இதயத்துக்குள்ளே இருக்கும்போது டக் என்று பட்டன் மேலே வந்து பாட்டு நின்றது.

என் கையில் சுத்தமான கையுறை, டேப்பைத் தொட முடியாது. வைத்தி ஈயக் கவசத்தோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம். டாக்டரின் கை அசைய முடியாது. அருக்காணி கண்ணைத் திறந்தாள். முள் நூற்றாறு, நூற்றுப் பதினான்கு என்று ஏறியது. டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த ராகம் பாதிகூட வராது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

அப்போது அருக்காணியே ஆரம்பித்தாள், மாமா. உதட்டைப் பிரிக்காமல், மூக்காலேயே. பிறகு வார்த்தையும் வந்தது. பஞ்சாபியும் இல்லை, தமிழும் இல்லை, ஏழு வருஷமாகக் குழாயடியில் நின்று கேட்டுக் கேட்டுத் தானாக வாயில் படிந்த ஏதோ ஒன்று. சுருதி கொஞ்சம் அப்படி இப்படித்தான். டாக்டர் மாத்தூர் கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார். நூற்றெட்டு. நூற்றிரண்டு. தொண்ணூற்றெட்டு. வைத்தி உள்ளே ஓடிவந்து கேசட்டைத் திருப்பிப் போட்டபோது அவளுக்கு அது தேவைப்படவே இல்லை. இரண்டும் சேர்ந்து ஓடின, அவள் ஒரு பக்கம், டேப் ஒரு பக்கம். இருபது நிமிஷத்தில் முடிந்தது. வீணையைத் தவிர வேறெதையும் சங்கீதம் என்று ஒப்புக்கொள்ளாத வைத்தி, “பேஷ்” என்றார்.

கணக்கு நல்லபடியாக வந்ததால் ஒன்பதாம் தேதி ஆபரேஷன். அது முழு மயக்கத்தில்தான், அவளுக்கு ஒன்றும் தெரியாது. சர்ஜன் விரலாலேயே அந்த வால்வைத் திறந்துவிட்டாராம். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு வார்டின் கோடி வரைக்கும் நடந்து திரும்பினாள். தையல் இழுக்கிறது என்றாள், மூச்சு வாங்கவில்லை. ஒரு நிமிஷம் நின்று, மூச்சு வாங்குகிறதா என்று தானே பார்த்துக்கொண்டாள். இல்லை என்றதும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பீஜி கேட்டனுப்பினாள், எப்போது வேலைக்கு வருவாள் என்று. மூன்று மாதம் ஆகும் என்றேன். சரி, அது வரைக்கும் எவர்சில்வர் டம்ளரில் குடிக்கிறோம் என்றாளாம்.

இனி நம் விஷயம்.

எனக்கு இருபத்தொன்றாம் தேதியிலிருந்து லீவு கிடைத்துவிட்டது. ருக்குவைக் கீழ்வீட்டு வத்சலா டீச்சர் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார், பரீட்சையும் அதற்குள் முடிந்துவிடும். நான் பூனாவுக்கு வருகிறேன். வரவேண்டாம் என்று எழுதாதீர்கள், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. டாக்டர் மாத்தூர் உங்கள் மேஜர் டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். ஆபரேஷனின்போது காதில் ஏதாவது கேட்டுக்கொண்டிருக்க அனுமதிக்கும்படி. வைத்தி காதுக்குள் மாட்டிக்கொள்ளும் ஒயரோடு சின்ன டேப்ரெக்கார்டர் ஒன்றை யாரிடமோ கேட்டு வாங்கித் தந்திருக்கிறார். அதை மாட்டிக்கொண்டால் வெளிச் சத்தம் பாதிக்குமேல் கேட்காது, நானே மாட்டிப் பார்த்தேன்.

அதற்குள் போட ஒரு கேசட்டைத் தயார் செய்யலாம் என்று நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். முருகன் பாட்டு போடலாமா, ருக்குவைப் பேசவைக்கலாமா, நானே பேசலாமா என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பதினோரு வருஷமாக உங்கள் பெண்டாட்டி. மோரில் உங்களுக்கு எவ்வளவு உப்பு என்று தெரியும். எந்தத் தோள் முதலில் வலிக்கும் என்று தெரியும். ஆனால் தனியாக இருக்கும்போது எதைக் கேட்டால் உங்கள் மனசு அடங்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை. நீங்களும் சொன்னதில்லை. வருஷத்துக்கு இரண்டு மாதம் வீட்டில் இருந்த மனிதரிடம் கேட்க வேறு எத்தனையோ இருந்தன.

ஆகையால் நானாக எதையும் முடிவுசெய்யப் போவதில்லை. உங்களுக்குப் பிடிக்கும் என்று நான் நினைப்பதை எடுத்துக்கொண்டு வரமாட்டேன். பாட்டோ, பேச்சோ, மழைச் சத்தமோ, எதுவானாலும் சரி. அசட்டுத்தனமாக இருந்தாலும் சரி, யாரிடமும் சொல்லமாட்டேன். ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள், இந்த ஊரில் எங்கே இருந்தாலும் தேடி எடுத்து வருகிறேன்.

எந்தச் சாமி எந்தப் பாஷையில் காப்பாற்றுமோ, அது உங்களைக் காப்பாற்றட்டும். தியேட்டருக்குள் என்னை விடமாட்டார்கள். கதவு வரைக்கும்தான் நான். கதவுக்கு அந்தப் பக்கம் உங்களோடு எது இருக்கவேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், மாமா.

அந்த வரிக்காகக் காத்திருக்கும்,
உங்கள் அம்சவேணி